எளிய குடும்பம், உயர்ந்த வாழ்வு

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். பம்பாயில் நல்ல வருமானத்தோடு தணிக்கைத் தொழில் நடத்திவந்தவர், 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கிராமத் தொழில்களுக்கே தன் வாழ்நாளை ஒப்புக்கொடுத்தார். 1940களில் சிறையிலிருந்தபோது, நிலைத்திருக்கக்கூடிய பொருளாதாரம் எது என்பதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். காந்தியின் முன்னுரையோடு 1945இல் வெளிவந்த அந்த நூலில் வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய ஒரு விவாதம் உண்டு. எண்பது ஆண்டுகள் கழித்து நம் வீடுகளைப் புரிந்துகொள்ள அது மிகவும் உதவுகிறது.

பொருள் கூடினால் வாழ்க்கைத் தரம் உயரும், குறைந்தால் தாழும் என்ற கணக்கைக் குமரப்பா ஏற்கவில்லை. அதில் இரண்டு வேறு அளவுகோல்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன என்றார். எளிமையா சிக்கலா என்பது ஒன்று. உயர்வா தாழ்வா என்பது மற்றொன்று. பண்டங்கள் பெருகும்போது வாழ்க்கை சிக்கலாகிறது என்பது உறுதி. உயர்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். மேசை, நாற்காலி, பீங்கான், கத்தி, கரண்டி என்று விரியும் விருந்துக்கும், பாயில் அமர்ந்து வாழையிலையில் உண்ணும் விருந்துக்கும் சுவையிலோ சத்திலோ தூய்மையிலோ ஏற்றத்தாழ்வு இருக்கத் தேவையில்லை. முன்னதைப் பராமரிக்க ஒருவர் நாளெல்லாம் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதே வேறுபாடு.

குமரப்பா மணம் செய்துகொள்ளாதவர். மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் தன் கடைசி ஆண்டுகளை மிக எளிமையாகக் கழித்து 1960இல் மறைந்தார். தனி ஒருவர் எளிமையாக வாழ்வது ஒரு மனிதரின் உறுதியோடு முடிந்துவிடும். கணவன், மனைவி, குழந்தைகள், முதியோர் கூடி வாழும் வீட்டில் ஒரு பொருளை வாங்குவதும் விடுவதும் பலருடைய நேரத்தையும் மனத்தையும் உறவையும் தொடுகின்றன. அங்கும் எளிமை நன்மை தருமா? தருமென்றால், யாருக்கு, எதன் வழியாக? கடந்த அரை நூற்றாண்டில் மானிடவியலாளர்களும் உளவியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் திரட்டிய சான்றுகள் இதற்குத் தெளிவான விடையை நோக்கிச் செல்கின்றன. எளிமை குடும்பத்துக்குத் தரும் பெரிய செல்வம் மீதமாகும் பணத்தைவிட, ஒருவருக்கொருவர் தரக்கூடிய கவனமும் நேரமும்தான். ஆனால் அது வறுமையால் திணிக்கப்பட்டாலோ, வீட்டில் ஒருவரே மற்றவர்மேல் திணித்தாலோ அந்தப் பலன் கிட்டுவதில்லை.

முப்பத்திரண்டு வீடுகள்

பண்டம் பெருகிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை மிக நெருக்கமாகப் பார்த்த ஆய்வு கலிபோர்னியாவில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலினார் ஓக்ஸ் என்ற மானிடவியலாளர் தலைமையில், குடும்பங்களின் அன்றாட வாழ்வை ஆராய 2001இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும், பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள 32 நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கதவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டன. காலையில் எழுவதிலிருந்து இரவு உறங்குவதுவரை படம் பிடித்தார்கள். அறை அறையாகப் பொருள்களை எண்ணினார்கள். பழங்கால ஊர்களைத் தோண்டும் தொல்லியலாளர் கையாளும் முறையையே வாழும் வீடுகளுக்கும் கையாண்டார்கள். தொல்லியலாளர் ஜீன் ஆர்னால்டும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பதிவுகளை 2012இல் நூலாக வெளியிட்டார்கள்.

அவர்கள் எண்ணிய முதல் வீட்டில், இரண்டு படுக்கையறைகளிலும் கூடத்திலும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த பொருள்கள் 2,260. அலமாரிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருந்தவை இந்தக் கணக்கில் சேரவில்லை. காருக்கென்று கட்டிய கொட்டகைகளில் நான்கில் மூன்று பங்கில் கார் நிறுத்த இடமில்லை. வீட்டுக்குள் கொள்ளாத பொருள்கள் அங்கே குவிந்திருந்தன. உலகக் குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் வாழும் அமெரிக்கா, உலகில் விற்கும் விளையாட்டுப் பொருள்களில் 40 விழுக்காட்டை வாங்குகிறது என்பதையும் இந்த ஆய்வு நினைவூட்டியது. செலவு செய்து அழகுபடுத்திய தோட்டத்தில் உட்கார்ந்து பேசப் பெற்றோர்களில் பெரும்பாலோருக்கு நேரம் வாய்க்கவில்லை. ஓய்வுக்கென்று வாங்கியவை எல்லாம் இருந்தன. ஓய்வு மட்டும் இல்லை.

இதே குடும்பங்களை வைத்து உளவியலாளர்கள் டார்பி சாக்ஸ்பியும் ரீனா ரெப்பெட்டியும் இன்னும் நுட்பமான ஓர் ஆய்வைச் செய்து 2010இல் வெளியிட்டார்கள். முப்பது தம்பதியர் தத்தம் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசியதைப் பதிவுசெய்து, அவர்கள் பயன்படுத்திய சொற்களைப் பகுத்தார்கள். இறைந்து கிடக்கிறது, முடிக்காத வேலை கிடக்கிறது என்ற வகைச் சொற்கள் எத்தனை? அமைதி, இளைப்பாறுதல் என்ற வகைச் சொற்கள் எத்தனை? பிறகு சில நாள்கள் அவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய இந்த ஹார்மோன் இயல்பாகக் காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாகத் தணிய வேண்டும். வீட்டை நெருக்கடியாக விவரித்த பெண்களிடம் அது சரியாகத் தணியவில்லை. பொழுது சாயச் சாய அவர்களின் மனச்சோர்வும் கூடியது. வீட்டை இளைப்பாறும் இடமாக விவரித்த பெண்களிடம் இதற்கு நேர்மாறு. கணவர்களிடம் இத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். பொருள்கள் இறைந்து கிடப்பதுதான் அழுத்தத்தை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. அழுத்தத்தில் இருப்பவருக்கு வீடு இறைந்து கிடப்பதாகத் தோன்றவும் கூடும். ஆனாலும் பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே தெரிந்த வித்தியாசம் ஒன்றைச் சொல்கிறது. ஒரே கூடத்தில், ஒரே குவியலுக்கு எதிரே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது வெறும் குவியல். மற்றவருக்கு இன்னும் செய்யாமல் கிடக்கும் வேலை. பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ, அவர் உடலில்தான் அதன் சுமையும் பதிகிறது.

பொருள் சுமத்தும் வேலை

இந்தச் சுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. வீட்டுக்கருவிகள் வந்ததும் பெண்களின் வேலை குறைந்துவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் அமெரிக்கக் குடும்பங்களின் நேரக் கணக்கைத் தொகுத்துப் பார்த்தார். வெளிவேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். சலவை எந்திரமும் குளிர்ப்பெட்டியும் பரவிவிட்ட 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலில் இதற்கான காரணத்தை விளக்கினார். சலவை எந்திரம் வந்ததும் துணியை அடிக்கடி மாற்றும் பழக்கமும் வந்தது. முன்பு சலவைக்காரரிடம் போன துணி வீட்டுக்குள் திரும்பியது. கணவரும் குழந்தைகளும் வேலையாளும் செய்துவந்த பகுதிகளைக் கருவிகள் எடுத்துக்கொண்டன. மிஞ்சிய வேலை முழுவதும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கருவியும் உடல் வருத்தத்தைக் குறைத்தது. ஆனால் எதிர்பார்ப்பும் கூடவே ஏறியதால் நேரம் மிச்சமாகவில்லை.

இதை வைத்து அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை நான் உறுதியாக மறுப்பேன். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஏழைப் பெண்களின் தோளிலிருந்து இறக்கிய பாரம் மிகப் பெரியது. எளிமை என்ற பெயரில் பெண்ணின் உழைப்பைக் கூட்டுவது எளிமையாகாது. ஒரு பொருள் வீட்டுக்குள் வருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வேலையைக் குறைக்குமா, கூட்டுமா? கிரைண்டர் குறைக்கிறது. காட்சிக்கு வைத்து வாரந்தோறும் தூசு துடைக்க வேண்டிய கண்ணாடி அலமாரி கூட்டுகிறது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289 நிமிடங்கள், ஆண்களுக்கு 88 நிமிடங்கள். ஐந்தாண்டில் இருவருக்குமே சற்றுக் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆகவே நம் வீடுகளில் பண்டங்களைக் குறைப்பதன் முதல் பலன் பெண்களுக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேருகிறதா என்பதை வைத்தே அந்த எளிமையின் உண்மையை அளக்கலாம்.

நான்கு பொம்மைகள், பதினாறு பொம்மைகள்

குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு சிறியது, ஆனால் தெளிவானது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒரு முறை நான்கு விளையாட்டுப் பொருள்கள் இருந்த அறையிலும், மற்றொரு முறை பதினாறு இருந்த அறையிலும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டுமே இருந்தபோது குழந்தை ஒவ்வொரு பொருளோடும் நெடுநேரம் இருந்தது. ஒரே பொருளைப் பலவிதமாகப் பயன்படுத்தியது. உருட்டியது, அடுக்கியது, ஒன்றை மற்றொன்றாகப் பாவித்து விளையாடியது. பதினாறு இருந்தபோது ஒன்றை எடுத்தது, விட்டது, அடுத்ததற்கு ஓடியது. குழந்தைகள் அதே குழந்தைகள்தான். அவர்களின் கவனத்தை மாற்றியது எதிரே இருந்த எண்ணிக்கை.

இந்தச் சோதனையின் பயன் பணமிச்சத்தோடு நிற்கவில்லை. ஒரு பொருளோடு நிலைத்திருக்கக் கற்கும் குழந்தை, பிறகு ஒரு பாடத்தோடும் ஒரு நட்போடும் நிலைத்திருக்கக் கற்பதற்கான முதல் பயிற்சியைப் பெறுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. பெற்றோர் செய்ய வேண்டியதும் கடினமில்லை. இருப்பவற்றில் பெரும்பகுதியைப் பரணில் ஏற்றிவிட்டு, சிலவற்றை மட்டும் வெளியே வைத்து அவ்வப்போது மாற்றினாலே போதும்.

குழந்தைகள் வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதை மார்ஷா ரிச்சின்ஸும் லான் சாப்ளினும் ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசுப் பொருள், தவறுக்குத் தண்டனையாகப் பொருளைப் பறித்தல், அன்பைக் காட்டவும் பொருள் என்று வளர்க்கப்பட்டவர்கள், பெரியவர்களான பின் தங்கள் மதிப்பையும் பிறர் மதிப்பையும் உடைமைகளால் அளக்கும் போக்கு மிகுந்தவர்களாக இருந்தார்கள். கல்நெஞ்சப் பெற்றோர்தான் இப்படி வளர்க்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாசம் மிகுந்த பெற்றோரும் பொருளை அள்ளித் தருகிறார்கள். பாசமே இந்தப் பழக்கத்துக்கு வழியாகவும் அமைந்துவிடுகிறது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வரும் தகப்பன் கையில் ஒரு பொம்மையோடு வருவது அன்பில்லாமல் இல்லை. குழந்தையோடு இருக்க முடியாத நேரத்துக்கு ஈடாகத்தான் அந்தப் பொம்மை வருகிறது. அந்தப் பொம்மைகளுக்கும் மற்றவற்றுக்குமான தவணை குறைந்தால் அவர் ஏழு மணிக்கே வரலாம் என்ற கணக்கைக் குடும்பம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

போதும் என்பதன் கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி தீதரோ, தனக்கு அழகான புதிய அங்கி ஒன்று கிடைத்ததையும், அதன் எதிரே பழைய நாற்காலி, மேசை, படங்கள் எல்லாம் அழுக்காகத் தெரிந்து ஒவ்வொன்றாக மாறிப்போனதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியலாளர் 1988இல் இந்தப் போக்குக்குத் தீதரோவின் பெயரையே சூட்டினார். நம் ஊரில் புதுமனைப் புகுவிழா முடிந்த வீடுகளில் இதை அப்படியே காணலாம். பழைய கட்டில் புதிய தரைக்குப் பொருந்துவதில்லை. புதிய கட்டிலுக்குப் பழைய பீரோ பொருந்துவதில்லை. வீட்டுக் கடன் இருபது ஆண்டுக்கு இருக்கும்போதே, உள்ளே வைக்கும் பொருள்களுக்குத் தனிக்கடன் தொடங்கிவிடுகிறது.

இந்தியக் குடும்பங்களின் நிதி நிலையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த தருண் ராமதுரை குழு 2017இல் தந்த அறிக்கையை இங்கே பார்க்க வேண்டும். சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 விழுக்காடு நிலமும் வீடும், 7 விழுக்காடு நீடித்து உழைக்கும் பிற பொருள்கள், 11 விழுக்காடு தங்கம், 5 விழுக்காடு மட்டுமே வைப்புத்தொகை, காப்பீடு, ஓய்வூதியம் போன்ற நிதிச் சேமிப்பு. அப்படியிருக்கையில் திடீரென்று ஒரு நோயோ வேலை இழப்போ வந்தால் வீட்டை நறுக்கி விற்க முடியாது. கையில் ரொக்கம் இல்லாததால் நகை அடகுக்கும் வட்டிக்கும் போக வேண்டியிருக்கிறது. பொருளில் முடங்கிய பணத்தில் ஒரு பகுதி ரொக்கமாக இருந்தாலே பல குடும்பங்களின் இரவுத் தூக்கம் மாறும். எளிமையின் பொருளாதார நன்மையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: அது குடும்பத்துக்கு அதிர்ச்சியைத் தாங்கும் இடைவெளியைத் தருகிறது.

மனநிறைவைப் பற்றிய சான்றும் இதே திசையில் உள்ளது. ஹெல்கா டிட்மாரும் உடன் ஆய்ந்தவர்களும் 2014இல் 259 தனித்தனி ஆய்வுக் குழுக்களின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணத்துக்கும் உடைமைக்கும் மிகுந்த முதன்மை தருபவர்களிடம் மனநலம் குறைவாக இருப்பது பல நாடுகளிலும் பல வயதினரிடமும் தொடர்ந்து தென்பட்டது. தொடர்பு மிதமானதுதான், ஆனால் மாறாதது. கிர்க் பிரவுனும் டிம் காசரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, எளிய வாழ்வைத் தாங்களாகத் தேர்ந்துகொண்ட 200 அமெரிக்கர்களை மற்ற 200 பேரோடு ஒப்பிட்டது. எளிமையைத் தேர்ந்தவர்கள் மனநிறைவு மிகுந்தவர்களாகவும், சுற்றுச்சூழலைக் குறைவாகச் சுரண்டுபவர்களாகவும் இருந்தார்கள். அந்த நிறைவுக்கு விளக்கம் அவர்களின் உள்ளார்ந்த விழுமியங்களிலும், அன்றாடத்தைக் கவனத்தோடு வாழும் பழக்கத்திலும் இருந்தது. பொருளைக் குறைத்தாலே மகிழ்ச்சி வந்துவிடாது. குறைத்ததால் கிடைத்த இடத்தில் உறவும் ஈடுபாடும் வந்து அமர வேண்டும் என்பதே இதன் பாடம்.

இது மாற்றக்கூடியதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. காசரும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்டுகள் செல்லச் செல்ல எவரிடம் பொருள் நாட்டம் குறைந்ததோ அவர் மனநலம் மேம்பட்டதையும், கூடியவரிடம் குலைந்ததையும் காட்டினார்கள். செலவு, சேமிப்பு, பகிர்தல் பற்றி இளையோருக்கு நடத்திய சில அமர்வுகளே, பொருள் நாட்டம் மிகுந்திருந்த இளையோரின் தன்மதிப்பைப் பின்வந்த மாதங்களில் உயர்த்தின. ஆக, இது பிறவிக் குணம் இல்லை. வீட்டில் கற்றது, வீட்டிலேயே திருத்திக்கொள்ளவும் முடியும்.

வறுமை எளிமை ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எளிமையைப் புகழும் எழுத்துகள் பலவும் ஏழைகளின் இல்லாமையையே எளிமையாகக் காட்டி மயங்குகின்றன. அந்த மயக்கத்தைத் தகர்க்கும் ஆய்வு நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. கரும்பு விவசாயிக்கு வருமானம் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வருகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் கடும் நெருக்கடி. அறுவடைக்கு முன் அவர்களில் 78 விழுக்காட்டினர் ஏதாவதொரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினர்.

வடிவங்களை வைத்துச் சிந்திக்கும் திறனையும் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனையும் சோதித்தபோது, அதே விவசாயி பணமில்லாத மாதத்தில் குறைவாகவும், பணம் வந்த மாதத்தில் நன்றாகவும் செய்தார். அறிவு கூடவோ குறையவோ இல்லை. எந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பது என்ற ஓயாத கணக்கு அவர் மனத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் வீட்டையும் விழுப்புரத்து வீட்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழு உண்மை தெரிகிறது. ஒன்றில் மிகுதி கவனத்தைத் தின்றது. மற்றொன்றில் பற்றாக்குறை கவனத்தைத் தின்றது. இரண்டுக்கும் நடுவே, தேவைகள் நிறைவேறி, அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில்தான் எளிமை பலன் தருகிறது. ஆகவே எளிமையைப் பேசுபவர் அந்த விவசாயிக்கு நியாயமான விலையையும், சரியான காலத்தில் பணத்தையும், நல்ல மருத்துவமனையையும், நல்ல பள்ளியையும் கேட்காமல் இருக்க முடியாது. நூலகமும் பூங்காவும் பேருந்தும் நன்றாக இருக்கும் ஊரில் ஒரு குடும்பம் தனக்கென வாங்க வேண்டியவை தாமாகவே குறையும். வீட்டின் எளிமையைப் பொதுவெளியின் வளம்தான் தாங்கி நிற்கிறது.

யாருடைய எளிமை?

இன்னொரு நிபந்தனை சம்மதம். எளிமையின் பெயரால் குடும்பத்துக்குள் நடந்த மிகப் புகழ்பெற்ற வாக்குவாதம் காந்தியின் வீட்டில் நடந்தது. 1901இல் அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பப் புறப்பட்டபோது, நேட்டால் இந்தியர்கள் குடும்பத்துக்கு விலையுயர்ந்த நகைகளைப் பரிசளித்தார்கள். கஸ்தூர்பாவுக்கென்று ஒரு தங்க அட்டிகையும் அதில் இருந்தது. பொதுத்தொண்டுக்குப் பரிசு வாங்கக் கூடாது என்று காந்தி முடிவு செய்து, முதலில் மகன்களின் சம்மதத்தைப் பெற்றார். கஸ்தூர்பா எளிதில் இணங்கவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு என்ன தருவது என்று கேட்டார். அந்தத் தொண்டில் தன் உழைப்பும் இருக்கிறதே என்றும் கேட்டார். கடைசியில் நகைகள் சமூகப் பணிக்கான அறக்கட்டளைக்குப் போயின. காந்தி தன் சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கஸ்தூர்பாவின் இரண்டாவது கேள்வி இன்றும் வலிமையானது. துறப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர் என்றால் அது குடும்பத்தின் எளிமையாக இருக்க முடியாது.

இதற்கு மாறான ஒரு படத்தை அதே தென்னாப்பிரிக்காவில், காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் காண்கிறோம். ஹெர்மன் கல்லன்பாக் என்ற கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தை 1910இல் சத்தியாகிரகக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டார். சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்குத் தனித்தனியாக உதவித்தொகை தருவது இயக்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. கூடி வாழ்ந்தால் செலவு குறையும் என்பதே தொடக்கக் காரணம். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். பண்ணையில் வாழ்ந்த சத்தியாகிரகி தம்பி நாயுடு துப்புரவுப் பணியையும் கடைச் சாமான் வாங்குவதையும் பொறுப்பேற்றார். பொதுச் சமையல், வேலைக்காரர் இல்லை, செருப்புத் தைப்பதும் தச்சு வேலையும் பலரும் கற்றார்கள், குழந்தைகளும் உழைப்பில் பங்கெடுத்தார்கள். இங்கே எளிமைக்கு எல்லோரும் ஏற்ற ஒரு நோக்கம் இருந்தது, வேலை பங்கிடப்பட்டது. கஷ்டத்திலும் அந்தக் குடும்பங்களைச் சேர்த்து வைத்தது இந்த இரண்டும்தான்.

நம் வீடுகளில் தொடங்குவது

இந்தச் சான்றுகளை வைத்துப் பார்த்தால், வீட்டை ஒரே வார இறுதியில் காலி செய்யும் இயக்கங்களைவிட, வீட்டுக்குள் வரும் வாசலைக் கவனிப்பதே நல்லது. ஏற்கெனவே இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கும் பழக்கம் எளிமையின் உடையில் வரும் நுகர்வுதான். பாட்டியின் பித்தளை அண்டாவுக்கும் அப்பாவின் பழைய மிதிவண்டிக்கும் வீட்டில் இடம் இருக்கட்டும். அவற்றில் நினைவும் பயனும் இருக்கின்றன. வரவிருக்கும் பொருளைத்தான் கேள்வி கேட்க வேண்டும். இதை யார் துடைப்பார்? யார் பழுது பார்ப்பார்? இதன் தவணை எத்தனை மாதம்? அத்தனை மாதமும் இதற்காக யார் கூடுதலாக உழைப்பார்? வாங்கும் முன் ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே பல ஆசைகள் தாமாக உதிரும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மிகப் பெரிய சோதனை திருமணம். மண்டபம், விருந்து, நகை, சீர்வரிசை என்று ஓரிரு நாளில் செலவாகும் தொகை, பல வீடுகளில் ஆண்டுக்கணக்கான சேமிப்பையும் அதற்கு மேல் கடனையும் விழுங்குகிறது. புதிய குடும்பம் தொடங்கும் நாளே பழைய குடும்பம் கடனில் இறங்கும் நாளாக இருக்கிறது. இதைத் தனி ஒரு குடும்பம் மாற்றுவது கடினம். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் உண்மையானது. வசதி உள்ளவர்கள்தான் முதலில் எளிமையாகச் செய்ய வேண்டும். அவர்கள் செய்தால் அது பெருமையாகப் பார்க்கப்படும். வசதி இல்லாதவர் அதைப் பின்பற்றும்போது அவமானம் இருக்காது. வசதி படைத்தவர் தம் வீட்டுத் திருமணத்தில் குறைக்கும் ஒவ்வொரு பவுனும் அக்கம்பக்கத்து ஏழைத் தகப்பன் ஒருவரின் கடனைக் குறைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முடிவை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. மாதம் ஒரு முறை வரவு செலவைக் குழந்தைகள் முன்னிலையிலேயே பேசும் வீட்டில், வேண்டாம் என்ற சொல் தண்டனையாக ஒலிப்பதில்லை. எதை விடுகிறோம் என்பதோடு, விட்டதால் கிடைத்ததை எதற்குத் தருகிறோம் என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம்: அம்மாவுக்கு ஓர் ஓய்வு நாள், மருத்துவச் செலவுக்கான ரொக்கம், தாத்தாவோடு ஓர் ஊர்ப் பயணம், மாலையில் கைபேசி இல்லாத ஒரு மணி நேரம். கிடைத்ததற்கு இப்படி ஓர் இலக்கு இல்லாவிட்டால், காலியான இடத்தை அடுத்த தள்ளுபடி விற்பனை நிரப்பிவிடும்.

வாழ்க்கை சிக்கலாவதை உயர்வென்று எண்ணிவிடாதீர்கள் என்று குமரப்பா கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த ஆய்வுகள் அந்தக் கோரிக்கைக்குக் குடும்ப அளவில் சான்று சேர்த்திருக்கின்றன. பிள்ளையின் கவனம் நிலைக்கிறதா, வீட்டுப் பெண்ணின் மாலை தணிகிறதா, ஒரு நோய் வந்தால் கடனின்றித் தாங்க முடியுமா, முடிவுகளில் எல்லோருக்கும் பங்கு உண்டா? ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை இந்த நான்கு கேள்விகளால் அளக்கத் தொடங்கினால், எதை வாங்குவது, எதை விடுவது என்பதை அந்தக் குடும்பமே தெளிவாக முடிவு செய்துகொள்ளும்.